சிறாரைப் பெரியவர்போல் விசாரிப்பது: போட்டித் தேர்வருக்கான முக்கியக் குறிப்புகள்

மாதிரித் தேர்வுகளில் இந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தால் பெரும்பாலானோர் ஒரே தவறான விடையில் போய் விழுகிறார்கள்: "2015 சட்டம் சிறார் வயதை 18-இலிருந்து 16 ஆகக் குறைத்தது." அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்றும் 18 வயது நிறையாத எவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். ஒரு சிறாரைப் பெரியவர்போல் விசாரிக்க நான்கு நிபந்தனைகள்: 16 வயது நிறைந்திருக்க வேண்டும், சாட்டப்பட்டது கொடுங்குற்றமாக இருக்க வேண்டும், இளைஞர் நீதிக் குழுமம் ஒரு மதிப்பீடு செய்து வழக்கை மேலே அனுப்ப வேண்டும், அங்குள்ள நீதிமன்றமும் அதைத் தனியாக ஏற்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று விட்டாலும் பெரியவர்போல் விசாரணை கிடையாது. கீழே உள்ள குறிப்புகளை இந்த வரிசையை மனத்தில் வைத்தே படியுங்கள்.

சட்டமும் தேதிகளும்

• இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. மக்களவையில் 2015 மே 7, மாநிலங்களவையில் 2015 டிசம்பர் 22, குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2015 டிசம்பர் 31, நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 15. ஒப்புதலும் அமலும் வெவ்வேறு ஆண்டில் வருவதால் பொருத்துக கேள்விகளில் இதை விரும்பிக் கேட்பார்கள்.

• மொத்தம் 112 பிரிவுகள், 10 அத்தியாயங்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் மேனகா காந்தி.

• 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலானது. தத்தெடுப்பு ஆணை வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்குப் போனது இதனால்தான். நம் பாடத்துக்கு அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் அதில் உண்டு. குற்ற வகைகளில் வரும்.

• இதற்கு முந்தைய சட்டங்கள் 1986, 2000. 1986 சட்டத்தில் சிறுவனுக்கு 16, சிறுமிக்கு 18 என்று வயது வரம்பு. அதாவது 2000 சட்டம் 2001 ஏப்ரல் 1 அன்று அமலாகும்வரை 16, 17 வயதுப் பையன்கள் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றங்களில்தான் நின்றார்கள். 2015-ல் ஏதோ முதன்முறையாக நடந்ததுபோல் எழுதும் விடைகளில் இந்த வரலாறு விடுபட்டுவிடுகிறது.

வயதைக் கணக்கிடுவது

• குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு. பிடிபட்ட நாள், நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட நாள், தீர்ப்பு நாள் எதுவும் கணக்கில் வராது. 17 வயதில் செய்த குற்றத்துக்கு 30 வயதில் பிடிபட்டாலும் அவர் சிறாராகவே நடத்தப்படுவார் (பிரிவு 6). மசோதாவில் 21 வயதுக்குப் பின் பிடிபட்டால் பெரியவராக விசாரிக்கலாம் என்றொரு விதி இருந்தது. எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டது.

• சான்றுகளின் முன்னுரிமை (பிரிவு 94): முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை போன்ற மருத்துவ முறை. அதையும் 15 நாளில் முடிக்க வேண்டும். ஆதார் இந்த வரிசையில் இல்லை. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதாரைவிடப் பள்ளிச் சான்றே வயதுக்கு ஆதாரம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது இந்தப் பிரிவைத்தான் துணைக்கு எடுத்துக்கொண்டது.

• "நான் அப்போது சிறார்" என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்பு வந்த பிறகும்கூட, எழுப்பலாம் (பிரிவு 9). இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1994-ல் உத்தராகண்ட் பகுதியில் நடந்த மூன்று கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு குடியரசுத் தலைவரால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட ஒருவர், சம்பவத்தின்போது 14 வயதுச் சிறுவன் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டறிந்து விடுவித்தது. அதற்குள் அவர் சுமார் 25 ஆண்டு சிறையில் கழித்திருந்தார். அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி எம்.எம். சுந்தரேஷ்.

• குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது வேறு, சிறார் வயது வேறு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 20-ன்படி 7 வயதுக்குட்பட்டவர் செய்வது எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வரை முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமாகாது (பிரிவு 21). பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 82, 83.

குற்றம் மூன்று வகை: இங்கேதான் அதிக மதிப்பெண் போகிறது

சிறு குற்றம் என்பது அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு வரை உள்ளது. கடுமையான குற்றம் 3 முதல் 7 ஆண்டு. கொடுங்குற்றம் என்பது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று சட்டம் சொல்லியிருக்கும் குற்றம் (பிரிவு 2(33)). இந்தக் "குறைந்தபட்ச" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கொலை கொடுங்குற்றம், ஏனென்றால் ஆயுளுக்குக் குறைந்த தண்டனையே அதற்கு இல்லை. பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு, ஆகவே கொடுங்குற்றம். ஆனால் கொலை முயற்சி? அதிகபட்சம் 10 ஆண்டு, காயம் ஏற்பட்டால் ஆயுள்வரை போகலாம். குறைந்தபட்சம் எதுவும் இல்லை. எனவே அது கொடுங்குற்றம் ஆகாது. கூட்டுக் கொள்ளையும் அப்படியே. அதே கொள்ளையில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்பதால் கொடுங்குற்றமாகிவிடும்.

• 2015 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதிகபட்சம் 7 ஆண்டுக்கு மேல், குறைந்தபட்சம் ஏதுமில்லை அல்லது 7-க்கும் குறைவு: இப்படிப்பட்ட குற்றம் மூன்று வகையில் எதிலும் அடங்கவில்லை. டெல்லியில் 2016-ல் 18 வயது நிறையச் சில நாட்களே இருந்த சிறார் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஷில்பா மிட்டல் எதிர் டெல்லி அரசு (2020 ஜனவரி 9, நீதிபதி தீபக் குப்தா): இந்த நான்காவது ரகத்தைக் கடுமையான குற்றமாகவே கொள்ள வேண்டும், பெரியவர்போல் விசாரிக்க முடியாது. 2021 திருத்தம் இதையே பிரிவு 2(54)-க்குள் எழுதிவைத்தது.

• 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுச் சிறார் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இருவர் இறந்தார்கள். சாலைப் பாதுகாப்பு பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததைக் கேட்டு நாடே கொதித்தது. காவல்துறை பெரியவர்போல் விசாரிக்க அனுமதி கேட்டது. 2025 ஜூலையில் குழுமம் மறுத்துவிட்டது. கொலையாகாத மரண விளைவிப்புக் குற்றத்துக்கு 7 ஆண்டு என்ற குறைந்தபட்சம் இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். புதிய சன்ஹிதாவின் பிரிவு 105-ல் 5 ஆண்டு குறைந்தபட்சம் சேர்ந்திருக்கிறது. அதுவும் 7-ஐ எட்டவில்லை. தலைப்புச் செய்தியின் சூட்டை வைத்து வகை பிரிக்காதீர்கள், தண்டனைப் பிரிவின் கடைசி வரியைப் பாருங்கள்.

இளைஞர் நீதிக் குழுமமும் முதல்நிலை மதிப்பீடும்

• குழுமம் (பிரிவு 4): குறைந்தது 3 ஆண்டு அனுபவமுள்ள ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள்; அவர்களில் ஒருவராவது பெண். தலைமை நீதித்துறை நடுவர் இதில் உட்கார முடியாது.

• பிடித்த 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது (பிரிவு 10).

• ஜாமீன் விதி (பிரிவு 12). விதிவிலக்கு மூன்றே: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவார், அவருக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும்.

• முதல்நிலை மதிப்பீடு (பிரிவு 15): குற்றத்தைச் செய்வதற்கான மனத் திறன், உடல் திறன், விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை என நான்கைப் பார்க்க வேண்டும். முதல் முறை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 3 மாதம் அவகாசம். இது விசாரணை ஆகாது என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பலவீனமான மூட்டு இதுதான். பையன் குற்றத்தைச் செய்தானா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்குள் "அந்தக் குற்றத்தைச் செய்யும் திறன் அவனுக்கு இருந்ததா" என்று கேட்கச் சொல்கிறது சட்டம். மதிப்பீட்டுக்கு உட்காரும் மனநல நிபுணரும் வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் அவனைப் பார்க்கிறார். இன்று அளந்த அறிவுத்திறனை வைத்து அன்றைய மனநிலையைச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. போதாக்குறைக்கு, "செய்யவே இல்லை" என்று சொல்லும் பையனிடம் "எந்தச் சூழ்நிலையில் செய்தாய்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிரிவு 3-ல் உள்ள 16 அடிப்படைக் கோட்பாடுகளில் முதலாவது குற்றமற்றவர் என்ற அனுமானம் என்பதையும் இதோடு சேர்த்து எழுதினால் முதன்மைத் தேர்வு விடைக்கு எடை கூடும்.

• குருகிராம் பள்ளி வழக்கு: 2017 செப்டம்பரில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் கொல்லப்பட்டான். முதலில் பேருந்து நடத்துநர் கைது, பின்பு சிபிஐ விசாரணையில் அதே பள்ளியின் 11-ஆம் வகுப்பு மாணவர். பெரியவர்போல் விசாரிக்கலாம் என்ற குழுமத்தின் ஆணையைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்து மறு மதிப்பீட்டுக்கு அனுப்ப, 2022 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இரண்டு விஷயங்கள் குறிக்கத்தக்கவை. மனத் திறனும் விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும் ஒன்றல்ல. அடுத்து, நிபுணர் உதவியைப் "பெறலாம்" என்றே பிரிவு 15 சொன்னாலும், குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் படித்தவர் இல்லாதபோது அது "பெற வேண்டும்" என்றே ஆகும். இதற்கு நெறிமுறை தேவை என்று நீதிமன்றம் சுட்டியதன் தொடர்ச்சியாக, தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

• அந்த 3 மாத அவகாசம் கட்டாயமா? இல்லை, வழிகாட்டு நெறி மட்டுமே என்று கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கில் 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பீட்டு ஆணையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 101). ஒப்பிட: சிறு குற்ற விசாரணை 4 மாதம், நீட்டிப்பாக மேலும் 2 மாதம், அதற்கும் முடியாவிட்டால் நடவடிக்கையே கைவிடப்படும்.

இரண்டாவது வாசல்

• குழுமம் அனுப்பிவிட்டாலே பெரியவர்போல் விசாரணை தொடங்கிவிடாது. வழக்கு போகும் இடம் குழந்தைகள் நீதிமன்றம்; அது இல்லாத இடத்தில் அமர்வு நீதிமன்றம். பெரியவர்போல் விசாரணை தேவையா என்று அந்த நீதிமன்றம் தானாக ஒரு முறை முடிவு செய்ய வேண்டும் (பிரிவு 19). தேவையில்லை என்று பட்டால், குழுமம் செய்வதுபோன்ற விசாரணையையே அது நடத்தும். இந்தக் கட்டம் கட்டாயம் என்று 2023-ல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

• தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இங்கே பொருந்தும். சிறாராக இருந்தவர்மீதான குற்றப்பத்திரிகை, குழுமத்தின் மதிப்பீடே இல்லாமல் நேராக அமர்வு நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டனையும் வந்துவிட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையே செல்லாது என்று தண்டனையை ரத்து செய்தது. வழக்கின் பெயரை இங்கே எழுதவில்லை. அது சிறாரின் பெயர். சிறாரை அடையாளம் காட்டினால் 6 மாதம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 74).

தண்டனை

குழுமமே முடித்துவைத்தால் அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம் (பிரிவு 18). பெரியவர்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானால் 21 வயதுவரை பாதுகாப்பு இடம். அதன்பின் மீதிக் காலத்துக்குச் சிறை. ஆனால் 21-ஆவது வயதில் நீதிமன்றம் அவரை மறுபடி எடைபோட வேண்டும். திருந்தியிருந்தால் நிபந்தனையோடு வெளியே அனுப்பலாம் (பிரிவு 20). இந்த இடைநிறுத்தம் முக்கியமானது, ஆயினும் பயிற்சிப் புத்தகங்கள் பலவற்றில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

• மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது (பிரிவு 21). விடுதலைக்கு வாய்ப்புள்ள ஆயுள் தண்டனை விதிக்கலாம். "ஆயுள் தண்டனை விதிக்க முடியாது" என்ற கூற்று தவறு.

• சிறார் வயதில் பெற்ற தண்டனையால் பிற்காலத்தில் வேலைக்கோ தேர்தலுக்கோ தகுதியிழப்பு வராது (பிரிவு 24). பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை.

• சிறாரையும் வயதுவந்தவரையும் ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கக் கூடாது (பிரிவு 23).

2012 முதல் 2015 வரை

• 2012 டிசம்பர் 16 டெல்லிப் பேருந்துக் கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் சிக்கிய ஆறு பேரில் ஒருவருக்கு 18 நிறையச் சில மாதங்களே இருந்தன. 2013 ஆகஸ்ட் 31 அன்று குழுமம் அவருக்கு விதித்தது 3 ஆண்டு.

• நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு (உறுப்பினர்கள் லைலா சேத், கோபால் சுப்பிரமணியம்) 2013 ஜனவரி 23 அன்று தந்த அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. அந்தக் கொடுமையை ஒட்டியே அமைந்த குழு அது என்பதைக் கவனியுங்கள்.

• சலில் பாலி எதிர் இந்திய ஒன்றியம் (2013 ஜூலை): 18 என்ற வரம்பு செல்லும். சுப்பிரமணியன் சுவாமி எதிர் ராஜு (2014 மார்ச் 28): தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வும் அதையே சொன்னது. தீர்ப்பை எழுதியவர் ரஞ்சன் கோகோய். "ராஜு" புனைபெயர்.

• சத்தியநாராயண் ஜட்டியா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 264-ஆவது அறிக்கை (2015 பிப்ரவரி) இந்த மாற்றத்தை எதிர்த்தது. சமத்துவ உரிமைக்கும் (சட்டக்கூறு 14) குழந்தைகளுக்கான தனிப் பாதுகாப்புக்கும் (15(3)) முரணானது என்பது அதன் வாதம்.

• அந்தச் சிறார் 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தார். இரண்டே நாளில் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. தெருவில் இருந்த கோபம் அவரைக் குறித்தது. ஆனால் புதிய சட்டம் அவரைத் தொட முடியாது. முன் நடந்த குற்றத்துக்குப் பின்வந்த கூடுதல் தண்டனை கூடாது என்கிறது சட்டக்கூறு 20(1).

தமிழ்நாட்டுக் குறிப்புகள்

• குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதலில் இயற்றிய மாகாணம் சென்னை: மெட்ராஸ் குழந்தைகள் சட்டம், 1920. வங்காளம் 1922, பம்பாய் 1924. மூன்றுக்கும் பின்னணி 1919–20 இந்தியச் சிறைக் குழு அறிக்கை.

• விசாரணைக் காலத்தில் வைப்பது கூர்நோக்கு இல்லம், தீர்ப்புக்குப் பின் சிறப்பு இல்லம் (செங்கல்பட்டு), 16–18 வயதில் கொடுங்குற்றத்தில் சிக்கியவருக்குப் பாதுகாப்பு இடம் (வேலூர்). இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை 2023-ல் தமிழ்நாடு அரசு அமைத்தது.

• போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்): ஊடுருவு பாலியல் குற்றத்துக்கு இப்போது குறைந்தபட்சம் 10 ஆண்டு. எனவே 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் விரும்பி வீட்டைவிட்டுப் போய் உடலுறவு கொண்டால்கூட, சட்டத்தின் கணக்கில் அவன்மீது கொடுங்குற்றம். பெரியவர்போல் விசாரிக்கும் வாசல் திறந்துவிடுகிறது. பேருந்துக் கொடுமையை நினைத்து எழுதப்பட்ட பிரிவு இப்படியொரு பையனையும் அதே வாசலில் நிறுத்துகிறது. காதல் உறவிலிருக்கும் வளரிளம் பருவத்தினரை நோக்கி இயற்றப்பட்டதல்ல போக்சோ என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கூறினார். இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார்.

உலகம், சுருக்கமாக

• ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை: 1989 நவம்பர் 20. இந்தியா இணைந்தது 1992 டிசம்பர் 11. இன்னும் ஏற்புறுதி அளிக்காத ஒரே ஐ.நா. உறுப்பு நாடு அமெரிக்கா. பெய்ஜிங் விதிகள் 1985, ரியாத் வழிகாட்டுதல்கள் 1990. ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவின் 24-ஆவது பொதுக் கருத்துரை (2019), குற்றப் பொறுப்பு வயதைக் குறைந்தது 14 ஆக்கச் சொல்கிறது; குற்றத்தின் கடுமையைக் காட்டி விதிவிலக்கு வைப்பதையும் ஏற்கவில்லை.

• முதல் சிறார் நீதிமன்றம்: சிகாகோ, 1899. அதே அமெரிக்காவில் 1990-களில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் சிறாரைப் பெரியவர் நீதிமன்றத்துக்கு மாற்றுவதை எளிதாக்கின. சில மாநிலங்களில் நீதிபதி முடிவு செய்வார், சிலவற்றில் அரசு வழக்கறிஞரே நேராகத் தாக்கல் செய்யலாம், சிலவற்றில் குற்றத்தின் பெயரே போதும். இந்தியா தேர்ந்தது முதல் வழி. சிறாருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-ல், ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில்.

• இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10. 1993-ல் இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதில் கொன்றதாக இரண்டு சிறுவர்களைப் பிரெஸ்டனில் பெரியவர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நீதிபதியும் கூட்டமும் பத்திரிகையாளர்களும் நிறைந்த அந்த அறையில் நடந்ததைப் பின்தொடர அவர்களால் முடியவில்லை. எனவே அது நியாயமான விசாரணை ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது.